சிவப்பு வண்டியைப் புரட்டிப் பார்த்த நாள்

அந்தச் சிவப்பு வண்டியைப் பார்க்க நான் கிளம்பியதே, அதை என் கணவர் வாங்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளியில் சொன்ன காரணம் வேறு. "எனக்குக் குறை பாக்கத் தெரியும், நானும் வர்றேன்" என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம். பாவம், நான் அவர் பக்கம் சேர்ந்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்.

குறை பார்ப்பதுதான் என் பிழைப்பு. காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுப்புடவைக் கடையில், தறியிலிருந்து வந்து சேரும் புடவைகளைச் சரிபார்த்து எடுக்கிறேன். இழை விட்டுப்போயிருக்கிறதா, கரையும் உடலும் சேரும் இடத்தில் பிசகியிருக்கிறதா என்றெல்லாம் பார்க்க வேண்டும். புடவையின் முகத்தில் நான் நேரத்தை வீணாக்குவதில்லை. முகத்தை எல்லோரும் அழகாகத்தான் வைத்திருப்பார்கள். புரட்டிப்போட்டுப் பின்பக்கம் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். நான் புடவையைப் புரட்டினாலே நெய்துகொண்டு வந்தவர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும் என்பார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

என் கணவர் கம்ப்யூட்டரில் புடவைக்கு டிசைன் போடுகிறவர். நாள் முழுக்கக் கட்டம் கட்டமாக மயிலும் யாளியும் வரைந்துவிட்டு, சாயந்தரம் பைக்கை எடுத்தால் எந்தக் கட்டத்துக்குள்ளும் நிற்க மாட்டார். பெங்களூர் ரோட்டில் லாரியை முந்துவது அவருக்குப் பொழுதுபோக்கு. அதே ரோட்டில்தான் என் அண்ணன் போய்ச் சேர்ந்தான். நின்றிருந்த லாரியின் பின்னால் பைக்கோடு போய் மோதியவனை எங்களால் முகம் பார்த்து அனுப்பக்கூட முடியவில்லை. அன்றிலிருந்து வீட்டில் யார் வண்டிச் சாவியைக் கையில் எடுத்தாலும் எனக்குப் பயம்; திரும்பி வரும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அந்தப் பயத்துக்கு நான் கண்ட மருந்து கல்லுப்பு. அமாவாசைக்கு அமாவாசை, அவர் குளிக்கப் போயிருக்கும் நேரம் பார்த்து, ஒரு பிடி கல்லுப்பை மஞ்சள் துணியில் முடிந்து எடுத்துக்கொண்டு போவேன். பைக் சீட்டைத் தூக்கினால் பாட்டரிக்குப் பக்கத்தில் ஒரு நீலத் தட்டு இருக்கும். அதில் வைத்துவிட்டுப் பழைய முடிச்சை எடுத்துத் தண்ணீரில் கரைத்துவிடுவேன். வண்டியின்மேல் விழும் கண்ணெல்லாம் உப்பில் இறங்கிவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அவருக்கு இது தெரியாது. தெரிந்தால் தெரு முழுக்கச் சொல்லிச் சிரிப்பார். கோவிலுக்குப் போவதையே "அட்டெண்டன்ஸ் போட்டுட்டு வர்றேன்" என்று சொல்கிற மனிதர் அவர்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். இரண்டே பேர் உட்காரும் கார். கூரையைத் திறந்து மடக்கிக்கொள்ளலாம். வெளிநாட்டில் செய்தது, பழசு, ஆனால் பளபளவென்று இருந்தது. "தாமல் ஊருலதான் இருக்குதும்மா. பக்கத்துல. போய் பாத்துட்டு வந்துடலாம்" என்றார். ஐம்பது வயதை எட்டிப் பிடிக்கப் போகும் ஆளின் குரலில் ஒரு சின்னப்பிள்ளைக் குழைவு. எனக்குப் பகீரென்றது. பைக்கிலேயே அந்த வேகம் போகிறவர், இதில் ஏறினால் என்ன ஆகும்? வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். சரி, வாங்க முடியாதபடி ஒரு குறையைக் கண்டுபிடித்துத் தருகிறேன் என்று மனசுக்குள் முடிவு கட்டினேன்.

பழைய வண்டி வாங்குகிறவன் பயப்பட வேண்டியது துருவுக்கு என்று அவர் எங்கேயோ வீடியோவில் பார்த்திருந்தார். துருவின் மேலே புட்டிப் பசை பூசிப் பெயின்ட் அடித்து மறைத்துவிடுவார்களாம். காந்தத்தை வைத்துப் பார்த்தால் இரும்பு இருக்கும் இடத்தில் ஒட்டும், புட்டி இருக்கும் இடத்தில் வழுக்கும். எங்கள் வீட்டில் காந்தம் என்றால் பிரிட்ஜ் கதவில் இருக்கும் மயில் பொம்மைதான். அதை ஒரு கைக்குட்டையில் சுற்றிக்கொண்டேன். கூடவே ஒரு டார்ச், ஒரு திருப்புளி. போருக்குப் போகிற மாதிரி போனேன்.

வண்டிக்காரர் வீடு ரோட்டோரத்திலேயே இருந்தது. நிலம் நீச்சு உள்ள குடும்பம். இப்போது சொந்தமாக டிப்பர் லாரி ஓட்டுகிறார், கட்சியிலும் இருக்கிறார். வெள்ளை வேட்டி, வாய் நிறையச் சிரிப்பு. வீட்டை ஒட்டி லாரிக்கு ஒரு ஷெட், அதில் ஆள் இறங்கி நின்று அடிப்பக்கம் வேலை பார்க்க ஒரு பள்ளம். சிவப்பு வண்டியை அந்தப் பள்ளத்தின்மேல் நிறுத்தி வைத்திருந்தார்.

"எதுக்குண்ணே விக்கிறீங்க?" என்று என் கணவர் கேட்டார்.

"எலெக்சன் வருதுபா. இதுல உக்காந்துகினு ஓட்டு கேக்கப் போனா எவன் போடுவான்? சிரிப்பானுங்க" என்றார் அவர். நான்கூடச் சிரித்துவிட்டேன். ஆளைப் பார்த்தால் ஏமாற்றுகிறவராகத் தெரியவில்லை. எனக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது.

வண்டி அழகாக இருந்தது. பொய் சொல்லக் கூடாது. அரக்குச் சிவப்பும் இல்லை, மிளகாய்ச் சிவப்பும் இல்லை. சாயம் போட்டு முதல் அலசல் முடிந்து ஈரத்தோடு தொங்கும் பட்டின் சிவப்பு. கதவைத் தொட்டபோது எனக்கே ஒரு ஆசை வந்து போனது. என்மேலேயே கோபம் கோபமாக வந்தது. மயில் காந்தத்தை எடுத்துச் சக்கரத்துக்கு மேல் வளைவில் வைத்தேன், ஒட்டியது. கதவின் அடி ஓரத்தில் வைத்தேன், ஒட்டியது. டிக்கி, பின் பக்கம், முன் மூக்கு என்று ஒரு சுற்று வந்தேன். பாழாய்ப்போன மயில் எல்லா இடத்திலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

என் கணவர் டார்ச்சோடு பள்ளத்தில் இறங்கினார். அங்கிருந்து குரல் மட்டும் வந்தது. "அடியில சூப்பரா இருக்குதும்மா! ஒரு சொட்டு துரு இல்ல. கருகருன்னு பளபளக்குது."

"போன மாசம்தான் வாட்டர் சர்வீஸ் உட்டு கறுப்பு கோட்டிங் அடிச்சேன்" என்றார் வண்டிக்காரர். அளவுக்கு மேல் பளபளக்கும் பின்பக்கம் எனக்கு எப்போதுமே பிடிக்காது. ஆனால் அதைக் குறை என்று எப்படிச் சொல்வது?

இதற்குள் வண்டிக்காரரின் மனைவி காபியோடு வந்தாள். என்னைவிடச் சின்னவள், பூசினாற்போன்ற உடம்பு, வகிட்டில் நிறையக் குங்குமம். நான் ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்ததும் அவள் கையில் இருந்த தட்டு லேசாக ஆடியது. டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்ட சத்தத்தில்தான் திரும்பிப் பார்த்தேன்.

"கீழ் விரிப்பைக் கொஞ்சம் தூக்கிப் பாக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் எதுக்குக்கா? உள்ள சுத்தமா இருக்குது. காபி ஆறிடும், குடிங்க" என்றாள். முகம் வெளுத்திருந்தது. அவள் கண் ஓட்டுநர் இருக்கையின் அடியிலேயே நின்றது. புடவையை மடித்துக் கொடுக்கும்போது சிலர் ஒரு மடிப்பின்மேல் மட்டும் கையை எடுக்காமல் வைத்திருப்பார்கள். அந்த மடிப்பைத்தான் நான் முதலில் பிரிப்பேன். எனக்கு உள்ளுக்குள் ஒரு குதூகலம். வெள்ளத்தில் மூழ்கின வண்டியாக இருக்கும், மாட்டிக்கொண்டார்கள் என்று நினைத்தேன்.

வண்டிக்காரருக்கு ஒரு போன் வந்தது. பேசிக்கொண்டே வாசல் பக்கம் போனார். நான் இருக்கையைப் பின்னால் தள்ளிவிட்டு, மண்டிபோட்டு, விரிப்பின் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். மழை பெய்து வாரக்கணக்கில் ஆகிறது, விரிப்பு மட்டும் நசநசவென்று ஈரமாக இருந்தது. ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. மழைக்காலத்தில் உப்பு ஜாடியைத் திறந்தால் வருமே, அந்த வாசனை. கையை உள்ளே விட்டுத் துழாவினேன். துணி ஒன்று தட்டுப்பட்டது. முடிச்சு.

கண்ணால் பார்ப்பதற்கு முன்பே என் விரலுக்குத் தெரிந்துவிட்டது. வெளியே எடுத்தேன். மஞ்சள் துணி, உள்ளே பாதி கரைந்த கல்லுப்பு. அதற்கு அடியில் இன்னொன்று. அதற்கும் அடியில், உப்பெல்லாம் கரைந்து ஓடிப்போய்க் கிழிந்த மஞ்சள் கந்தல்கள், ஒன்றின்மேல் ஒன்றாக. எங்கள் வீட்டு பைக்கிலிருந்து யாரோ எடுத்துக்கொண்டுவந்து இங்கே வைத்துவிட்ட மாதிரி இருந்தது.

நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். அவள் தலையை இப்படியும் அப்படியும் மெல்ல அசைத்தாள். சொல்லிவிடாதே என்று கெஞ்சல். நான் இரண்டு முடிச்சையும் இடது கைக்குள் மூடிக்கொண்டேன்.

கந்தல் கிடந்த இடத்தில் இரும்பு பழுப்பாக, அடுக்கடுக்காக உரிந்து நின்றது. எவ்வளவு ஆழம் என்று பார்க்கத் திருப்புளியை வைத்து லேசாக அழுத்தினேன். சத்தியமாக லேசாகத்தான். அப்பளத்தில் விரல் போவதுபோல அது பிடிவரை உள்ளே போய்விட்டது.

கீழேயிருந்து "ஐயோ!" என்று என் கணவர் அலறினார்.

அவர் நேர் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். கறுப்புப் பூச்சைக் கிழித்துக்கொண்டு திருப்புளியின் முனை அவர் கண்ணுக்கு நேரே இறங்கி நின்றிருக்கிறது. "இன்னா ஆச்சு? கண்ணுல பட்டுச்சா? சொல்லுங்களேன்!" என்று கத்தினேன். கீழேயிருந்து இருமல் சத்தம் மட்டும் வந்தது. அந்த இருமல் நிற்பதற்குள் நான் செத்துப் பிழைத்தேன். பிறகு, "படல. படல. மூஞ்சியெல்லாம் துருதான் கொட்டுது" என்றார். எழுந்திருக்க இருக்கையைப் பிடித்தேன். இருக்கையின் முன் கால் என் கையோடு மேலே வந்துவிட்டது. போல்ட்டும் இருந்தது, போல்ட்டைச் சுற்றி உள்ளங்கை அளவு தகடும் இருந்தது. அந்தத் தகட்டைப் பிடித்திருக்க வேண்டிய தரைதான் இல்லை.

சத்தம் கேட்டு வண்டிக்காரர் ஓடி வந்தார். "இன்னாமா பண்றீங்க? வண்டிய பாக்க வந்தீங்களா, ஒடைக்க வந்தீங்களா? ரேட்ட கொறைக்கிறதுக்கு இப்படி ஒரு வேலையா?" என்று எகிறினார்.

நான் இருக்கையை ஒரு கையால் தூக்கிக் காட்டினேன். ஓட்டை வழியாக என் கணவர் கீழேயிருந்து டார்ச் அடித்தார். அந்த வெளிச்சம் வண்டிக்குள் வந்து கூரையில் வட்டமாக விழுந்தது. வண்டிக்காரர் குனிந்து பார்த்தார். கையை விட்டுத் தகட்டைத் தொட்டார், அது உதிர்ந்தது. அவர் முகத்திலிருந்த கோபம் அப்படியே வடிந்து போனது.

"நேத்து ஸ்ரீபெரும்புதூர் போய்ட்டு வந்தேன்" என்றார், யாரிடம் என்று இல்லாமல். "நூத்தி நாப்பதுல வந்தேன்."

பெல்ட்டை மாட்டும் கொண்டி அந்த இருக்கையோடு சேர்த்துத்தான் இருந்தது. ஒரு பிரேக் பலமாகப் போட்டிருந்தால் பெல்ட்டும் இருக்கையும் ஆளுமாகச் சேர்ந்துதான் பறந்திருக்கும். இதை நான் சொல்லவில்லை. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது என்று நினைக்கிறேன். என் கண்முன் என் அண்ணன் மோதிய லாரியின் பின்பக்கம் வந்து நின்றது.

வண்டிக்காரருக்கு ரோஷம் திரும்பியது. "எனக்கு வித்தான் பாரு மெட்ராஸ்காரன், கடல் தண்ணியில நின்ன வண்டிய தலையில கட்டிட்டான். ஆள உட்டு அவன தூக்குறேன் இன்னிக்கி" என்று போனை எடுத்து எண்ணைத் தேடினார்.

முடிச்சுகள் என் கைக்குள் பிசுபிசுத்தன. இப்போது வாயைத் திறந்தால் இவள் குடும்பத்தில் என்ன நடக்கும்? திறக்காவிட்டால் ஒரு பாவமும் அறியாத எவனோ அடிபடுவான். நாளைக்குப் புது வண்டி வரும். அதன் இருக்கைக்கு அடியிலும் ஒரு மஞ்சள் முடிச்சு போகும். ஒரு இழை விட்டதற்கு ஊரைக் கூட்டுகிற வாய் எனக்கு. அது ஒட்டிக்கொண்டுவிட்டது. இவளைக் காட்டிக் கொடுத்தால் என்னையே காட்டிக் கொடுத்த மாதிரிதான் என்று தோன்றியது.

"போன் போடாதீங்க" என்றாள் அவள். காபித் தட்டைத் தரையில் வைத்துவிட்டு முன்னால் வந்தாள். "அவன் மேல தப்பு இல்ல. நான்தான் உப்பு வச்சேன்."

"இன்னா உப்பு?"

நான் கையைத் திறந்தேன். அவர் மஞ்சள் முடிச்சுகளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடியும் ஓட்டையைப் பார்த்தார்.

"ஊர் கண்ணு பூரா இந்த வண்டி மேலதான் இருந்துது. நீங்க எடுத்துகினு கெளம்பினா, திரும்பி வர்ற வரைக்கும் எனக்கு உசுரு உசுரா இருக்காது. வண்டி வந்த நாள்லேர்ந்து அமாவாசைக்கு அமாவாசை வச்சேன். நீங்க பக்கத்துலயே இருப்பீங்க. பழச எடுக்க முடியாது, புதுச மட்டும் உள்ள தள்ளிடுவேன். உங்க சீட்டுக்கு நேரா இருக்கணும்னு அங்கயே வச்சேன்." அதுவரைக்கும் ஒரே மூச்சில் சொன்னவள், அங்கே வந்து நின்றுவிட்டாள். தரை போன இடத்தைக் கையால் காட்டினாள். "அப்ப நான் வச்சதுதான் உங்கள..." என்றாள். அங்கேயே கீழே உட்கார்ந்து, சத்தமில்லாமல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அடித்துவிடுவாரோ என்று நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். அவர் பள்ளத்தின் விளிம்பில், வெள்ளை வேட்டியோடு, எண்ணெய் அழுக்கில் அப்படியே உட்கார்ந்தார்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்லம்மா?" என்றார்.

"சொன்னா சிரிப்பீங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எத்தனை அமாவாசையாக நான் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்த சொல் அது. அதை இன்னொருத்தி வாயிலிருந்து, தரை போன ஒரு வண்டியின் பக்கத்தில் நின்று கேட்கிறேன்.

"சிரிச்சிருப்பேன்" என்றார் அவர். "சிரிச்சிட்டு, எடுத்து முன்னாடி கண்ணாடியில தொங்க உட்டிருப்பேன்."

அவள் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். அவர் எழுந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். நாங்கள் இருப்பதையே இரண்டு பேரும் மறந்துவிட்டார்கள்.

என் கணவர் பள்ளத்திலிருந்து ஏறி வந்தார். தலை, புருவம், சட்டை எல்லாம் துருப்பொடி. என் உள்ளங்கையில் இருந்த முடிச்சுகளைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். வழக்கமாக எதற்காவது ஒரு கிண்டல் வைத்திருப்பவர், அன்றைக்குச் சட்டையை மட்டும் தட்டிக்கொண்டார். முடிச்சுகளைக் காபித் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு நாங்கள் கிளம்பினோம்.

நான் நினைத்தது நடந்துவிட்டது. வண்டி இல்லை. பைக்கின் பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அதில் ஒரு துளி சந்தோஷமும் வரவில்லை. நான் உட்கார்ந்திருக்கும் சீட்டுக்கு அடியிலும் ஒரு பிடி கல்லுப்பு இருக்கிறது என்பதே சுட்டது. அதற்குப் பக்கத்தில் பாட்டரி, கம்பிகள், சீட்டைப் பிடித்திருக்கும் கொக்கி. எது எவ்வளவு தின்னப்பட்டிருக்கிறதோ? வீட்டுக்குப் போனதும் சொல்லிவிட வேண்டும், சிரித்தால் சிரிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதே, ஏரிக்கரை பக்கம் அவர் வண்டியை ஓரங்கட்டினார்.

"எறங்கும்மா" என்றார்.

சாவியைப் போட்டுச் சீட்டைத் தூக்கினார். என் மஞ்சள் முடிச்சை இரண்டு விரலால் எடுத்து என்னிடம் நீட்டினார். கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். அடுத்து அந்த நீலத் தட்டையும் வெளியே எடுத்தார். முதல் தடவை அவசரத்தில் என் கண்ணில் படாமல், அடுத்த தடவை பார்த்து, வண்டியோடு வந்ததுதான் என்று நான் நினைத்திருந்த தட்டு. வெயிலில் பார்த்ததும்தான் அடையாளம் தெரிந்தது. என் தோசைமாவு டப்பாவின் மூடி. எங்கே போனது என்று தேடி அலுத்துப்போய், டப்பாவையே தூக்கிப் போட்டிருந்தேன்.

"மொத வாட்டி பாத்தப்பவே பாட்டரியாண்ட பச்சையா பூத்துப்போயிருந்துது" என்றார். "அதான் மூடிய கீழ வச்சேன். மழைல உப்பு கரைஞ்சிட்டா நான் வேற போட்டு வச்சிடுவேன். நீ தூக்கிப் பாக்கும்போது காலியா இருந்தா பயந்துக்குவ இல்ல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா வெக்கப்பட்டுகினு வைக்காம உட்டுடுவ. வைக்கலன்னா நான் ஊடு திரும்புற வரைக்கும் உனக்கு சோறு எறங்காது."

லாரிகள் காற்றை அடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. நாள் முழுக்கப் பின்பக்கம் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். கூடவே இருக்கும் இந்த மனிதரை ஒருநாளும் புரட்டிப் பார்த்ததில்லை. அந்தத் தாமல் வீட்டில் இப்படி ஒரு மூடி வைக்க அந்த வண்டிக்காரருக்கு விஷயம் தெரியாமல் போனதை நினைத்தபோது, வெயிலிலும் எனக்குக் குளிர் எடுத்தது.

"ஏரிதான் இருக்குதே. வேணாம்னா கரைச்சிட்டு வந்துடு" என்றார்.

கரைக்கு இறங்கும் வழியைப் பார்த்தேன். ரோட்டைப் பார்த்தேன். என் அண்ணன் போன ரோடு. இத்தனை நடந்த பிறகும் என் பயம் ஒரு இழைகூடக் குறையவில்லை என்பதுதான் நிஜம். அவர் கையிலிருந்த மூடியை வாங்கிப் பழைய இடத்தில் வைத்தேன். முடிச்சை அதன் நடுவில், இரும்பில் எங்கும் படாமல் வைத்துவிட்டு, சீட்டை நானே அழுத்திப் பூட்டினேன்.

அவர் சிரிக்கவில்லை. என் ஹெல்மெட்டை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, நான் ஏறி உட்காரும்வரை காத்திருந்தார்.